வாசோ கத்ராக்கியின் கற்கள்

1966-இல் வெனிஸ் பியென்னாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் கிரேக்கத்தின் சார்பில் கலந்துகொண்ட அச்சுக்கலைஞர் வாசோ கத்ராக்கி, தன் அச்சோவியங்களுக்காக டாமரிண்ட் சர்வதேசப் பரிசு வாங்கினார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அடுத்த வருடம் ஏப்ரல் 21 அன்று விடிவதற்குள் ஏதென்ஸ் தெருக்களில் டாங்கிகள் இறங்கிவிட்டன. ஆட்சியைப் பிடித்த ராணுவ அதிகாரிகள், இடதுசாரிகள் என்று பட்டியலில் இருந்தவர்களையெல்லாம் வீடு வீடாகப் போய்ப் பிடித்தார்கள். வெனிஸில் நாட்டுக்குப் பெயர் வாங்கித் தந்த கத்ராக்கியும் யாரோஸ் என்ற மொட்டைத் தீவுக்கு அனுப்பப்பட்டார்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இந்த இரண்டு சம்பவங்களில்தான் தொடங்குகிறார்கள். தொடங்கட்டும், அது நியாயம்தான். நான் அவரிடம் போய்ச் சேர்ந்த வழி வேறு. மரத்திலும் லினோ என்கிற மெத்தென்ற தரைவிரிப்புத் தகட்டிலும் செதுக்கி அச்செடுக்கிற வேலையை நான் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். யாருடைய அச்சோவியத்தைப் பார்த்தாலும், இது என்ன பலகை, எந்த உளி, மையை எப்படி ஏற்றியிருப்பார்கள் என்றுதான் என் கண் முதலில் தேடும். கத்ராக்கியின் படம் ஒன்றை முதலில் பார்த்தபோது அந்தக் கேள்விகளுக்கு எனக்கு விடை கிடைக்கவில்லை. கன்னங்கரேலென்று நெடிய உருவங்கள். அந்தக் கருப்புக்குள் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். மரத்தின் வரி எங்கேயும் ஓடவில்லை. லினோ இவ்வளவு சொரசொரப்பாக அச்சாகாது. அப்புறம்தான் தெரிந்தது, அது மணற்கல். அன்றிலிருந்து இந்த மனுஷியை விட முடியவில்லை.

1914-இல் எதோலிகோவில் பிறந்தவர் அவர். மேற்குக் கிரேக்கத்தில் மெசொலோங்கி காயலின் நடுவே இருக்கிற சின்னத் தீவு அது. ஊரின் பழைய பகுதி முழுவதும் அந்தத் தீவுக்குள்ளேயே அடங்கிவிடும். இரண்டு பக்கமும் கரையோடு இணைக்கிற கல்வளைவுப் பாலங்கள். காயலில் தண்ணீர் ஆழம் குறைவு என்பதால் தட்டையான அடி வைத்த படகுகளைத்தான் ஓட்டுவார்கள். தண்ணீரிலேயே மரக்கால் நட்டு அதன்மேல் மீனவர்கள் குடிசை போட்டிருப்பார்கள். பக்கத்தில் உப்பளங்கள். மடவை மீனின் சினையை உப்பிட்டுக் காயவைத்து, மேலே தேன்மெழுகு பூசிப் பத்திரப்படுத்துவது அந்தப் பக்கத்துக்கே பேர்போன தொழில். கத்ராக்கியின் படங்களில் திரும்பத் திரும்ப வருகிற வலைகளும் மீனவர்களும் காத்து நிற்கிற பெண்களும் இங்கிருந்து வந்தவர்கள்.

இந்தக் காயல்கரைக்கு ஐரோப்பியக் கலை வரலாற்றில் ஏற்கெனவே ஓர் இடம் உண்டு. 1826-இல், கிரேக்க விடுதலைப் போரின்போது, ஒட்டோமான் துருக்கியரின் முற்றுகையில் மெசொலோங்கி விழுந்த செய்தி ஐரோப்பா முழுவதையும் உலுக்கியது. இரண்டு வருடம் முன்னால் கவிஞர் பைரன் இறந்ததும் அதே ஊரில்தான். பாரிஸில் இருந்த ஓவியர் தெலக்ருவா, இடிபாடுகளின்மேல் கைகளை விரித்து நிற்கிற பெண்ணாகக் கிரேக்கத்தை வரைந்தார். பெரிய ஓவியம், எனக்குப் பிடித்த ஓவியமும்கூட. ஆனால் தெலக்ருவா தன் வாழ்நாளில் கிரேக்கத்துக்குப் போனதே இல்லை. அந்த மண்ணின் பெண்களை அங்கேயே பிறந்து வளர்ந்த ஒருத்தி செதுக்குவதற்கு நூறு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. தெலக்ருவாவின் பெண் பார்க்கிறவர்களிடம் முறையிடுகிறாள். கத்ராக்கியின் பெண்கள் யாரிடமும் எதையும் கேட்பதில்லை, நிற்கிறார்கள்.

1930களின் நடுவில் ஏதென்ஸ் நுண்கலைப் பள்ளியில் சேர்ந்தார். ஓவியத்துக்கு ஆசிரியர் கான்ஸ்தாந்தினோஸ் பார்தெனிஸ், அச்சுக்கலைக்கு யானிஸ் கெஃபாலினோஸ். இரண்டு பேருமே எகிப்தின் அலெக்சாந்திரியாவில் பிறந்த கிரேக்கர்கள். பார்தெனிஸ் கிரேக்க நவீன ஓவியத்தின் மூத்தவர். அவரிடம் படித்தவர்களுக்கு ஒரு வரைகோட்டை எவ்வளவு இளைக்க வைக்கலாம், ஓர் உருவத்தை எவ்வளவு லேசாக்கலாம் என்பது தெரியும். கெஃபாலினோஸ் பாரிஸில் பல வருடங்கள் இருந்துவிட்டுத் திரும்பியவர். இன்று நவீன கிரேக்க அச்சுக்கலை என்று எதைச் சொன்னாலும், அதில் பெரும்பகுதி அவருடைய பட்டறையிலிருந்து புறப்பட்டதுதான். மரத்தைத் தேர்ந்தெடுப்பது, உளி தீட்டுவது, எழுத்துருவையும் படத்தையும் ஒரே பக்கத்தில் இசைய வைப்பது என்று எல்லாவற்றையும் கைவினையாகக் கற்றுக்கொடுத்தவர். கத்ராக்கி வயதுக்காரரான தாசோஸும் அவரிடம் படித்தவர்தான். அஞ்சல்தலைகளையும் பெரிய மரச்செதுக்குகளையும் செய்து பின்னாளில் புகழ்பெற்றார்.

ஒரு தலைமுறையே மரச்செதுக்கில் இப்படி வேரூன்றியதற்கு ஆசிரியர் மட்டும் காரணமில்லை, காலமும் ஒரு காரணம். 1940 அக்டோபரில் இத்தாலி படையெடுத்தது. கெஃபாலினோஸின் மாணவர்கள் போர்ச் சுவரொட்டிகள் செய்யத் தொடங்கினார்கள். 1941 ஏப்ரல் 27 அன்று ஜெர்மானியர்கள் ஏதென்ஸுக்குள் நுழைந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் வந்த பஞ்சத்தில் தலைநகரில் மட்டும் பல்லாயிரம் பேர் செத்துப்போனார்கள். தைலவண்ணம் கிடைக்கவில்லை, கித்தான் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அதை யார் பார்க்க, எங்கே மாட்ட? மரச்செதுக்குக்கு ஒரு துண்டுப் பலகையும் ஓர் உளியும் கொஞ்சம் கரிமையும் போதும். அச்சுயந்திரம் இல்லாவிட்டால் கரண்டியின் முதுகால் தேய்த்தே படம் எடுத்துவிடலாம். ஒரே பலகையிலிருந்து நூற்றுக்கணக்கில் எடுக்கலாம். கையளவு பலகையை உடுப்புக்குள் மறைத்துக்கொண்டு ஊரைக் கடக்கலாம். ரகசியமாக ஒரு படத்தைப் பரப்ப இதைவிடத் தோதான வழி அன்று இல்லை.

ஓவியர்களாக இருந்தவர்கள்கூட அந்த வருடங்களில் மரத்துக்கு வந்தார்கள். ஸ்பிரோஸ் வசிலியு அப்படி வந்தவர். 1943 பிப்ரவரியில் கவிஞர் கோஸ்திஸ் பலமாஸ் இறந்தபோது, ஆக்கிரமிப்புக்காரர்களின் கண்ணெதிரே ஆயிரக்கணக்கானோர் கல்லறையில் கூடித் தேசிய கீதம் பாடினார்கள். அந்த இறுதிச் சடங்கை வசிலியு மரத்தில் செதுக்கினார். கத்ராக்கி ஆக்கிரமிப்புக்கு எதிரான எதிர்ப்பியக்கத்தில் நேரடியாக இருந்தார். அந்தக் காலத்து அவருடைய மரச்செதுக்குகளில் சின்னச் சின்ன வெட்டுகள் நிறைய. முகங்களில் சுருக்கங்கள், துணியில் மடிப்புகள், பின்னணியில் ஆட்கள். திறமையான வேலை. சொல்லப்போனால், அந்தப் பட்டறையிலிருந்து வந்த வேறு சிலரும் இதைச் செய்திருக்க முடியும். கத்ராக்கி கத்ராக்கியானது இன்னும் பத்து வருடம் கழித்து.

விடுதலைக்குப் பிறகு உள்நாட்டுப் போர் வந்தது, 1949 வரை நீடித்தது. எதிர்ப்பியக்கத்தில் இருந்தவர்கள் சொந்த நாட்டிலேயே சந்தேகத்துக்குரியவர்கள் ஆனார்கள். 1955-இல் கத்ராக்கியின் முதல் தனிக் கண்காட்சி ஏதென்ஸில் நடந்தது. கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான் அவர் மரத்தை விட்டுவிட்டு மணற்கல்லை எடுத்தார். இங்கேதான் நான் கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன்.

கல்லிலிருந்து அச்சு என்றால் எல்லோருக்கும் லித்தோகிராஃபி ஞாபகம் வரும். அதில் வழவழப்பான சுண்ணாம்புக்கல்மேல் எண்ணெய்ப்பசையுள்ள குச்சியால் வரைவார்கள். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதுதான் அதன் சூட்சுமம். கல்லை ஈரப்படுத்திவிட்டு மையை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். கல்லைச் செதுக்குகிற வேலையே கிடையாது. கத்ராக்கி செய்தது அது இல்லை. அவர் மணற்கல் பலகையை மரப்பலகை மாதிரியே நடத்தினார். வெள்ளையாக வரவேண்டிய இடங்களைக் கொத்தி எடுத்துவிடுவார். மேடாக நிற்கிற இடத்தில் மை ஏறும், அதுதான் தாளில் கருப்பாக விழும்.

கேட்க எளிதாக இருக்கிறது. மணற்கல்லில் ஒருமுறை உளி வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் சங்கடம் தெரியும். மணற்கல் என்பது மணல்பருக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகியது. உளி பட்டால் மரம் சீவல் சீவலாக வரும், மணற்கல் பருக்கை பருக்கையாக உதிரும். கூர்மையான விளிம்பு வேண்டும் என்று ஆசைப்பட்டால் அந்த விளிம்பே பொடிந்து போகும். மெல்லிய கோடு ஒன்றை மேடாக விட்டுவைப்பது அநேகமாக நடக்காத காரியம். கண், இமை, உதடு என்று நுணுக்கிக்கொண்டு போக அது இடம் கொடுக்காது. அதோடு கல் மையைக் குடிக்கும். முதலில் எடுக்கிற அச்சுகள் வெளிறிப் போய் வரும். மறுபடி மறுபடி மை கொடுத்து அதன் தாகத்தைத் தீர்த்த பிறகுதான் கருப்பு கருப்பாக விழும். அப்போதும் முழுக் கருப்பாக விழாது. பருக்கைகளுக்கு நடுவே இருக்கிற நுண்குழிகளுக்குள் மை எட்டாத இடங்களெல்லாம் வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடும். நான் முதலில் பார்த்துத் திகைத்த அந்தப் பொடிப்புள்ளிகள் இவைதான். கத்ராக்கியின் கருப்பு தட்டையாக இருப்பதில்லை. தோல் மாதிரி, சுவாசிக்கிற துளைகளோடு இருக்கிறது.

பிறகு எடை. 1 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் கனத்தில் ஒரு மணற்கல் பலகையை எடுத்துக்கொண்டால் 65 முதல் 70 கிலோ வரும். அதை மேசைமேல் ஏற்றுவதற்கே இரண்டு ஆள் வேண்டும். மரச்செதுக்கில் பலகையைத் திருப்பித் திருப்பி, கைக்கு வாகாக வைத்துக்கொண்டு வேலை செய்கிறோம். கல்லை அப்படித் திருப்ப முடியாது. செதுக்குகிறவர்தான் கல்லைச் சுற்றி வரவேண்டும், எட்டிக் குனிய வேண்டும். உடம்பு முழுவதும் அந்த வேலையில் இறங்கியாக வேண்டும்.

இவ்வளவு தொல்லை பிடித்த ஒரு பொருளை, மரத்தில் கை தேர்ந்த ஒருவர் நாற்பது வயதில் ஏன் எடுக்க வேண்டும்? புதுமைக்காக என்று எனக்குத் தோன்றவில்லை. நான் பார்க்கிறபடி, மரம் அவருக்கு நிறைய விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. கை பழகப் பழக மரம் இன்னும் ஒரு சுருக்கம், இன்னும் ஒரு மடிப்பு என்று ஆசை காட்டும். கல் அந்த ஆசையை முதல் நாளே அடக்கிவிடும். எதையெல்லாம் விட்டுவிடலாம் என்பதை அவர் அந்தக் கல்லிடம் கற்றுக்கொண்டார். 1950களின் பிற்பகுதியிலிருந்து அவருடைய உருவங்கள் மாறுவதைப் பார்த்தால் இது புரியும். தலை சிறுத்துக்கொண்டே போகிறது. முகத்தில் அடையாளங்கள் கழன்றுபோகின்றன. உடல் நீண்டு அகன்று, கரும்பாறையாக எழுகிறது. கைகளும் கால்களும் மெலிந்த தண்டுகளாக நீள்கின்றன. சுற்றிலும் பின்னணி என்று எதுவும் இல்லை, வெறும் வெள்ளைத் தாள். அந்த வெள்ளையும் சும்மா கிடைத்ததில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. அவ்வளவு இடத்தையும் அவர் உளியால் தோண்டி எடுத்திருக்கிறார்.

இந்த உருவங்களைப் பார்க்கிற யாருக்கும் கிரேக்கத்தின் சைக்ளாடிஸ் தீவுகளின் பளிங்குச் சிலைகள் நினைவுக்கு வரும். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் ஆயிரத்தாண்டில் செய்யப்பட்டவை, கைகளை வயிற்றின்மேல் மடித்து, மூக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கிற சிறு உருவங்கள். ஐரோப்பிய நவீனக் கலைஞர்கள் பலர் அருங்காட்சியகங்களில் அவற்றைப் பார்த்துக் கற்றார்கள். கத்ராக்கிக்கு அந்த எளிமை அருங்காட்சியகத்திலிருந்து மட்டும் வந்ததாக நான் நம்பவில்லை. ஐயாயிரம் வருடம் முன்னால் அந்தச் சிற்பிகள் எந்த நிர்ப்பந்தத்தில் இருந்தார்களோ, அதே நிர்ப்பந்தத்தில் அவரும் போய் நின்றார். கையில் ஒரு கல், அதைத் தேய்க்கவும் கொத்தவும் சில கருவிகள், சொல்ல ஒரு மனித உடல். இப்படித் தொடங்கினால் போய்ச் சேருகிற இடமும் ஒன்றாகத்தான் இருக்கும்.

வெனிஸ் பரிசு இதற்கெல்லாம் கிடைத்த அங்கீகாரம். கிரேக்க அச்சுக்கலைக்கு வெளியில் ஒரு பேர் கிடைத்தது. அதைப் பற்றி இதற்குமேல் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

யாரோஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுவும் சைக்ளாடிஸ் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்ததுதான். மரம் இல்லை, குடிதண்ணீர் அரிது, காற்று ஓயாது. ரோமானியர்கள் காலத்திலேயே நாடுகடத்தப்பட்டவர்களை அடைக்கிற இடம். ஒரு குற்றவாளியை அங்கே அனுப்ப ரோமானிய செனட் தீர்மானித்தபோது, மனித நடமாட்டமே இல்லாத கொடிய தீவு அது, வேறு தீவுக்கு அனுப்புங்கள் என்று பேரரசர் திபேரியஸே சொன்னதாக ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதிவைத்திருக்கிறார். உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1947 முதல், ஆயிரக்கணக்கான இடதுசாரிகளை அங்கே கொண்டுபோய் அடைத்தார்கள். பெரிய செங்கல் சிறையை அந்தக் கைதிகளையே வைத்துக் கட்டினார்கள். 1967-இல் ராணுவ ஆட்சி அந்தச் சிறையை மறுபடி திறந்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள், பெண்களும் அதில் அடக்கம். கவிஞர் யானிஸ் ரித்சோஸும் முதலில் அங்கேதான் கொண்டுபோகப்பட்டார். பிறகு அவரை லெரோஸ் தீவுக்கு மாற்றினார்கள்.

கத்ராக்கிக்கு அங்கே பட்டறை இல்லை, அச்சுத்தாள் இல்லை, உளிகள் இல்லை. கடற்கரையில் கூழாங்கற்கள் இருந்தன. அவற்றை எடுத்து அவற்றின்மேல் வரைந்தார். ஒரு கைக்குள் அடங்குகிற கற்களில் முகங்கள், உருவங்கள். ரித்சோஸும் தீவுச் சிறைகளில் கற்களின்மேல் வரைந்தவர்தான், இரண்டு பேருக்கும் அதில் ஒற்றுமை. ஆனால் கவிஞருக்குக் கல் என்பது தாள் கிடைக்காதபோது கிடைத்த தாள். கத்ராக்கிக்குப் பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கல்தான் தொழில். அவரிடமிருந்து எல்லாவற்றையும் பறித்துவிட்டு, அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரே பொருள் குவிந்துகிடக்கிற இடத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பக்கம் ஆத்திரமும் இன்னொரு பக்கம் ஒருவிதமான பெருமிதமும் சேர்ந்து வருகிறது.

அந்தக் கூழாங்கல் ஓவியங்களைச் சிறைக் கைவேலை என்று தனியாக ஒதுக்கி, உருக்கமான நினைவுப்பொருளாகக் காட்டுகிற வழக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரிய மணற்கல் அச்சுகளில் அவர் எந்த முறையில் யோசித்தாரோ அதே முறையில்தான் இவற்றிலும் யோசிக்கிறார். கல்லின் வடிவம் எப்படியோ, உருவத்தின் வடிவமும் அப்படியே அமைகிறது. வெளியே தள்ள வேண்டிய எதுவும் உள்ளே இல்லை. அவருடைய முழு வேலையின் ஒரு பகுதியாகவே இவற்றைப் பார்க்க வேண்டும்.

வெளிநாடுகளிலிருந்து எழுந்த குரல்கள் அவர் விடுதலையாக உதவின. பியென்னாலே பரிசு பெற்ற ஒரு கலைஞரைத் தீவில் அடைத்துவைத்திருப்பது ராணுவ ஆட்சிக்கும் தர்மசங்கடமாகத்தான் இருந்திருக்கும். பெயர் வெளியே தெரியாத மற்ற கைதிகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ராணுவ ஆட்சி 1974 ஜூலையில்தான் விழுந்தது. திரும்பி வந்த கத்ராக்கி மறுபடி மணற்கல்லை எடுத்தார். உருவங்கள் இப்போது சாய்கின்றன, மடங்குகின்றன, ஒருவரையொருவர் தாங்குகிறார்கள். விழுந்தவனை மடியில் ஏந்திய தாய் முன்பும் அவருடைய படங்களில் உண்டு. இந்தக் காலத்தில் அவள் இன்னும் கனத்துப் போகிறாள். ஆனால் கத்தலோ பழிவாங்கும் கோபமோ எங்கேயும் இல்லை. சர்வாதிகாரியின் முகம் ஒன்றைக்கூட அவர் செதுக்கவில்லை என்றே நினைக்கிறேன். அவருடைய கல்லில் இடம் கிடைத்ததெல்லாம் துன்பப்பட்டவர்களுக்குத்தான்.

அதனால் அவரை அரசியல் கலைஞர் என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறவர்களோடு எனக்கு ஒரு சின்னச் சண்டை உண்டு. அவர் அரசியல் உள்ளவர்தான், அதற்கான விலையையும் கொடுத்தவர்தான். ஆனால் 1950களில் வலை இழுக்கிற மீனவனைச் செதுக்கிய கையும், சிறைக்குப் பிறகு சாய்ந்து விழுகிற உடலைச் செதுக்கிய கையும் ஒரே மரியாதையோடுதான் இரண்டு பேரையும் தொட்டிருக்கின்றன. உழைக்கிற உடலை முதலில் அவ்வளவு கூர்ந்து பார்த்திருக்காவிட்டால், வதைபட்ட உடலைப் பிறகு அப்படிச் செதுக்கியிருக்க முடியாது. எதோலிகோவை விட்டுவிட்டு யாரோஸை மட்டும் பேசுவது பாதிக் கதைதான்.

1988 டிசம்பரில் ஏதென்ஸில் இறந்தார். பிறந்த ஊரான எதோலிகோவில் இப்போது அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகமும் அச்சுக்கலை மையமும் இருக்கின்றன. அச்சுகளோடு யாரோஸ் கூழாங்கற்களையும், அவர் செதுக்கிய கற்பலகைகளையும் அங்கே வைத்திருக்கிறார்கள். பலகைகளைப் பாதுகாத்ததற்கு அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். அச்சுக்கலைஞர்கள் இறந்த பிறகு பலகைகள் என்ன ஆகின்றன என்பதைப் பார்த்தவள் நான். பலருடையது விறகாகப் போயிருக்கிறது, சிலருடையது இனி யாரும் அச்செடுக்கக் கூடாது என்று குறுக்கே கீறப்பட்டிருக்கிறது. அச்சை மட்டும் பார்த்தால் கத்ராக்கியை ஓவியர் என்று நினைத்துக்கொள்ளலாம். பலகையையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் பாதி சிற்பி என்பது தெரியும். கல்லில் உருவம் இடவலம் மாறி, மை படிந்து கறுத்து, தோண்டிய பள்ளங்களில் உளித்தடம் ஒவ்வொன்றும் அப்படியே நிற்கும். பெண்களுக்கு இது ஆகிற வேலையா என்று யாராவது கேட்டால், அந்தப் பள்ளங்களின் ஆழத்தைத்தான் காட்டுவேன்.